ஆமணக்கு விதைத்தார்கள்!

எட்டயபுரத்திற்குக் கூட்டம் பேசச் சென்றிருந்தோம். கோவில்பட்டியிலே ரயிலை விட்டிறங்கிக் கிழக்கே திரும்பினால், இருமருங்கும் கரிசல்! மழை பெய்தால் காலைக் கவ்வும், வெயில் காய்ந்தால் வாய் பிளக்கும் கறுப்பு மண். பருத்தியும் கம்பும் உளுந்தும் தரும் மண். தரும்போது தரும், தராதபோது ஊரையே நடக்க வைக்கும் வானம் பார்த்த மண்.

கூட்டம் முடிந்த மறுநாள் காலை, தோழர்கள் நம்மைப் பக்கத்திலே உள்ள தாப்பாத்திக்கு அழைத்துச் சென்றனர். அங்கே இருப்பது இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம். மூதாட்டி ஒருவர் நம்மை உட்காரச் சொல்லி, தேநீர் தந்து, பிறகு ஒரு தகரப் பெட்டியைத் திறந்தார். நான்காக மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார். மடித்த இடமெல்லாம் கிழிந்திருந்தது, எழுத்தெல்லாம் மங்கியிருந்தது. மன்னார்ப் பக்கத்திலே அவர் குடும்பத்துக்கு இருந்த காணியின் உறுதிப் பத்திரம் அது. அந்தக் காணியிலே இன்று உழுபவர் யார், அறுப்பவர் யார், அவருக்குத் தெரியாது. தெரியாதபோதும் காகிதத்தைக் காத்து வருகிறார். வீடு போயிற்று, வேலி போயிற்று, உற்றார் போயினர். உறுதி மட்டும் இருக்கிறது!

திரும்பும் வழியெல்லாம் அந்தக் காகிதமே நம் கண்முன் நின்றது. கூடவே இன்னொரு ஊரின் நினைவும் வந்தது. எட்டயபுரத்திற்குத் தெற்கே, காலையிலே புறப்பட்டு நடந்தால் மாலையிலே போய்ச் சேரக்கூடிய தொலைவிலே, அதே கரிசல் சீமையிலே, ஓர் ஊர் இருந்தது, இல்லாமற் போயிற்று, மீண்டும் எழுந்தது, மீண்டும் அழிந்தது. அந்த ஊருக்காக வாழ்ந்து, அந்த மண்ணிலேயே தூக்குமரம் ஏறியவன் ஒருவன். ஊர் பாஞ்சாலங்குறிச்சி. அவன் ஊமைத்துரை!

அண்ணன் கட்டபொம்மனை நாடு நன்றாக அறியும். 1959இல் வெள்ளித்திரை அவனை வீட்டுக்கு வீடு கொண்டுவந்து சேர்த்தது. அவன் வசனம் பேசாத பள்ளிக்கூட விழா உண்டா? தம்பிக்கோ வசனமே இல்லை. வாய் திக்கிய காரணத்தால் ஊமைத்துரை என்று ஊரார் அழைத்தார்கள், இயற்பெயர் குமாரசாமி. பேசத் தெரியாதவனுக்கு மேடையிலே இடம் குறைவுதானே! ஆனால் ஊரை இழந்தவர்களின் கதை என்று எடுத்தால், அண்ணனைவிடத் தம்பியின் வாழ்க்கையே நமக்கு அதிகம் சொல்கிறது.

எதனால் வந்தது வினை? வாளால் வந்தது என்பார்கள். இல்லை, தோழர்களே! முதலில் வந்தது கணக்குப் புத்தகம். வாள் பின்னால் வந்தது. ஆற்காட்டு நவாபு கும்பினியாரிடம் கடன் வாங்கினார். வாங்கிய கடனுக்கு ஈடாக, பாளையங்களிலே கப்பம் தண்டும் உரிமையை 1792ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கும்பினியார் பெற்றனர். கடன் பட்டவர் நவாபு; கடன் கொடுத்தவர் வெள்ளையர்; கட்ட வேண்டியவன் கரிசல் காட்டு உழவன்! மழை பெய்ததா, பருத்தி வெடித்ததா என்று கேட்கவில்லை. பணம் வந்ததா என்று மட்டும் கேட்டார்கள்.

அத்தோடு நின்றார்களா? ஊருக்கு ஊர் காவல் இருந்து, அதற்குரிய பங்கைப் பெற்று வாழ்ந்து வந்த காவற்குடிகளின் உரிமையிலும் கை வைத்தார்கள். வேலும் வளரியும் ஏந்தி ஊர் காத்தவன், ஒரே நாளில் வேலையற்றவன் ஆனான். மறுநாள் கொள்ளைக்காரன் என்று பெயரும் பெற்றான்.

மூன்றாவதாக, அடுத்தவன் கண். பாஞ்சாலங்குறிச்சிக்கும் எட்டயபுரத்துக்கும் எல்லைச் சண்டை இருந்தது. அருங்குளம், சுப்பலாபுரம் என்ற ஊர்கள் யாருக்கு என்பதே வழக்கு. இருவரும் அண்டை வீட்டார். இரண்டு அரண்மனையிலும் வீட்டு மொழி தெலுங்கு. இரண்டு பாளையமும் உழுதது ஒரே கரிசலை. பேசித் தீர்த்திருக்கலாம், பேசவில்லை. வேலியோரத்துச் சண்டைக்கு வெள்ளையன் நாட்டாமையாக வந்தான். நாட்டாமை செய்ய வந்தவன் வேலியையும் எடுத்துக்கொண்டான், வீட்டையும் எடுத்துக்கொண்டான்!

1798ஆம் ஆண்டு. கப்பப் பாக்கி 3,310 வராகன் என்று கணக்குக் காட்டி, கலெக்டர் ஜாக்சன் கட்டபொம்மனை அழைத்தார். குற்றாலத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குமாக ஊர் ஊராக அலைய வைத்து, கடைசியில் செப்டம்பர் மாதம் இராமநாதபுரம் அரண்மனையிலே காண இசைந்தார். நிற்க வைத்துப் பேசினார். பேசும்போதே சிறை பிடிக்கப் பார்த்தார். கைகலப்பு மூண்டது, கும்பினி அதிகாரி கிளார்க் மாண்டார், அமைச்சர் சிவசுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார். அண்ணனை மீட்டுக்கொண்டு வந்த கூட்டத்திலே ஊமைத்துரை இருந்தான். நாம் அவனை முதன்முதலாகப் பார்ப்பது அங்கேதான். அண்ணன் பின்னால் நிழல்போல!

அடுத்த ஆண்டு, மேஜர் பானர்மன் படையோடு வந்தார். 1799 செப்டம்பர் 5ஆம் நாள் கோட்டை தாக்கப்பட்டது. சில நாட்களில் கோட்டையை விட்டு வெளியேற நேர்ந்தது. கோலார்பட்டியிலே மீண்டும் போர். எட்டயபுரத்துப் படை வெள்ளையன் பக்கம். சிவசுப்பிரமணிய பிள்ளை நாகலாபுரத்திலே தூக்கிலிடப்பட்டார். புதுக்கோட்டைக் காட்டிலே ஒளிந்திருந்த கட்டபொம்மனைத் தொண்டைமான் பிடித்துக் கொடுத்தார். 1799 அக்டோபர் 16, கயத்தாற்றுப் புளியமரம்; அதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை.

சொல்ல வேண்டியது ஊர்களின் கதை. பாஞ்சாலங்குறிச்சி, ஏழாயிரம்பண்ணை, நாகலாபுரம், கோலார்பட்டி, காடல்குடி, குளத்தூர் ஆகிய ஆறு பாளையங்கள் பறிமுதல்! இன்று எட்டயபுரத்திலிருந்து எந்தப் பக்கம் பேருந்து ஏறினாலும் இவற்றிலே ஒன்றையாவது தாண்டிப் போகலாம். கோட்டைகளை இடிக்கச் சொன்னார்கள். ஆயுதம் வைத்திருந்தால் தண்டனை என்றார்கள். ஆண்டவன் குடும்பம் மட்டுமா அலைந்தது? காவற்காரன், கொல்லன், குதிரை பார்த்தவன், கோட்டை வாசலில் மோர் விற்றவள், எல்லோரும் அல்லவா அலைந்தார்கள்! அவர்கள் பெயரை எந்தத் தூக்குமரமும் தாங்கவில்லை. ஆகவே எந்தப் புத்தகமும் தாங்கவில்லை.

ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலே. ஓராண்டுக்குமேல் போயிற்று. சிறைக்குள் அம்மை நோய் கண்டது. காவல் சற்றுத் தளர்ந்தது. 1801 பிப்ரவரி 2ஆம் நாள் மாலை, வெள்ளை அதிகாரிகள் மேஜர் மெக்காலேயின் மாளிகையில் விருந்துண்ண அமர்ந்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்துச் சிறைக்கதவு உடைந்தது! உள்ளிருந்தவர்களும் வெளியே மாறுவேடத்தில் வந்து காத்திருந்தவர்களும் காவலரை மடக்கினார்கள். முப்பது மைல் தொலைவு. இரவோடு இரவாக ஓட்டம்.

எங்கே ஓடினான்? தோழர்களே, இங்கே சற்று நிற்போம். சிறையிலிருந்து தப்பியவன் காட்டுக்கு ஓடலாம், மலைக்கு ஓடலாம். அவன் ஓடியது இடித்துத் தரைமட்டமாக்கப்பட்ட தன் ஊருக்கு! வீடில்லை என்று தெரியும். வாசல் இல்லை என்று தெரியும். அண்ணன் இல்லை என்பதும் தெரியும். தெரிந்தும் போனான். ஊர் இழந்தவனின் நெஞ்சம் எப்படிப்பட்டது என்பதை அந்த ஓட்டத்தைவிடத் தெளிவாக எந்த நூல் சொல்லிவிடும்?

ஒரு வாரம்! ஒரே வாரத்துக்குப் பின் மெக்காலே படையோடு வந்து பார்த்தபோது, வெற்றிடம் என்று எண்ணிய இடத்திலே கோட்டை நின்றது! வந்தவர்கள் திகைத்தார்கள். கல்லா இருந்தது கட்டுவதற்கு? கரிசல் மண்ணும் வைக்கோலும் பதநீரும் கம்புக் கஞ்சியும் குழைத்துக் கட்டியதாக ஊர்ப்பக்கம் சொல்வார்கள். ஆனால் மண்ணா அந்தச் சுவர்? சிதறிப்போயிருந்த மக்கள் அல்லவா அந்தச் சுவர்! எந்த ஊரில் கூலியாய் இருந்தார்களோ, எந்தக் காட்டில் முள் வெட்டிக்கொண்டிருந்தார்களோ, அவன் வந்துவிட்டான் என்ற ஒரே செய்தி கேட்டு ஓடிவந்தார்கள். ஆணையிடச் சொல் இல்லாதவனுக்கு ஆயிரக்கணக்கானவர் கைகள் கிடைத்தன.

அவனைப் பற்றி எழுதி வைத்தவன் அவனை எதிர்த்துப் போரிட்ட வெள்ளையனே. ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி, தன் போர் நினைவு நூலிலே அவனைப் பற்றி எழுதுகிறான். மெலிந்த உடல், நோயாளி போன்ற தோற்றம். ஆனால் அவன் சைகை செய்தால் படை எழும். இடக்கையிலே சில வைக்கோல் துரும்புகளை வைப்பானாம். அவைதாம் வெள்ளையர் படை. வலக்கையால் அவற்றைத் துடைத்தெறிந்து, வாயால் ஓர் ஓசை எழுப்புவானாம். அதுதான் தாக்குதலுக்கு ஆணை! சொற்பொழிவு ஆற்றிச் சோர்ந்துபோகும் நம் போன்றவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய இடம் இது.

தூத்துக்குடியை அவன் ஆட்கள் பிடித்தார்கள். அங்கே அகப்பட்ட வெள்ளை அதிகாரியை உயிரோடு போகவிட்டார்கள். அண்ணனைத் தூக்கிலிட்ட இனத்தான் கையிலே சிக்கியபோதும், பழிக்குப் பழி என்று கழுத்தை அறுக்கவில்லை. கொள்ளைக்காரர்கள் என்று கும்பினி எழுதி வைத்த கூட்டம் நடந்துகொண்ட முறை இது!

மார்ச் 31ஆம் நாள் வெள்ளையர் கோட்டைமீது பாய்ந்தனர். பலத்த இழப்போடு திரும்பினர். மண் சுவர் பீரங்கிக்கு ஈடுகொடுத்தது. மேலும் படை வந்தது. மேலும் பீரங்கி வந்தது. கர்னல் அக்னியூ வந்தார். 1801 மே 24ஆம் நாள் சுவர் பிளந்தது. பாஞ்சாலங்குறிச்சி இரண்டாம் முறை வீழ்ந்தது.

அதன்பின் நடந்த ஒன்றை, அதே வெல்ஷ் எழுதியிருக்கிறான். போர்க்களத்திலே தன் மகனைத் தேடிச் சென்ற ஒரு தாய், அவனைக் குற்றுயிராய்க் கண்டாள். தூக்க முனைந்தாள். அவனோ, தன்னை விட்டுவிட்டு, பக்கத்திலே காயம்பட்டுக் கிடக்கும் துரையைக் காப்பாற்றும்படி வேண்டினான். பெற்ற மகனைக் களத்திலே விட்டு, ஊமைத்துரையைத் தூக்கிச் சென்றாள் அந்தத் தாய்! தேடி வந்தது எட்டயபுரத்துப் படை. துணியால் மூடிக் கிடந்தவனைக் காட்டி, அம்மையில் மாண்ட பிள்ளை என்றாள். அம்மை என்றதும் வந்தவர் ஓடினர். அவள் பெயர் என்ன? அறிந்தவர் இல்லை. அண்ணனைப் பிடித்துக் கொடுத்த தொண்டைமானுக்கு வரலாற்றிலே பெயர் இருக்கிறது. தம்பியைக் காத்த தாய்க்குப் பெயர் இல்லை!

காயம் ஆறாத நிலையில் சிவகங்கைச் சீமைக்குப் போனான். சிறுவயலிலே சின்னமருது அவனை வரவேற்றார். ஏதிலியாய் வந்தவனை ஏற்றால் என்ன ஆகும் என்று மருதுவுக்குத் தெரியாதா? ஒப்படைத்தால் பாளையம் பிழைக்கும். ஒப்படைக்காவிட்டால் பீரங்கி வரும். தெரிந்தே கதவைத் திறந்தார். பீரங்கி வந்தது. சிறுவயல் எரிந்தது. அக்டோபர் 1ஆம் நாள் காளையார்கோவில் வீழ்ந்தது. 24ஆம் நாள் திருப்பத்தூரிலே மருது சகோதரர்கள் தூக்கில் தொங்கினர். தம் மண்ணின் உரிமைக்காகவும் அடைக்கலம் வந்தவனுக்காகவும் அவர்கள் கொடுத்த விலை அது!

ஊமைத்துரையும் பிடிபட்டான். அவனை எங்கே கொண்டுபோனார்கள்? பாளையங்கோட்டைக்கா? சென்னைக்கா? இல்லை. பாஞ்சாலங்குறிச்சிக்கே கொண்டுபோனார்கள்! 1801 நவம்பர் 16ஆம் நாள், அவன் கட்டிய சுவரின் இடிபாட்டருகே, அவனையும் தம்பி செவத்தையாவையும் தூக்கிலிட்டார்கள். மீண்டும் எவனும் இந்த மண்ணைத் தேடி வரக்கூடாது என்பதற்கு அது எச்சரிக்கை.

உயிர் போயிற்று; ஊரை என்ன செய்தார்கள்? கோட்டை இருந்த இடத்தை உழுதார்கள். உழுத இடத்திலே ஆமணக்கு விதைத்தார்கள்! ஊரின் பெயரையே கணக்குப் பதிவுகளிலிருந்து நீக்கினார்கள். பாஞ்சாலங்குறிச்சிச் சீமையின் ஊர்கள், வெள்ளையனுக்குத் துணை நின்ற எட்டயபுரத்துக்கும் மணியாச்சிக்கும் பங்கு பிரிந்தன. கணக்குப் புத்தகத்தில் தொடங்கிய கொடுமை, கணக்குப் புத்தகத்திலேயே முடிந்தது.

முடிந்ததா? எஞ்சியவர்களிலே எழுபதுக்கும் மேற்பட்டோரை, 1802 பிப்ரவரியிலே தூத்துக்குடித் துறையில் கப்பலேற்றிப் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தினார்கள். சின்னமருதுவின் மகன் துரைசாமி, பதினைந்து வயதுச் சிறுவன், அவனுக்கும் விலங்கு! அவர்களை அனுப்பும் பொறுப்பில் இருந்தவனும் வெல்ஷ்தான். 1818இல் வெல்ஷ் பினாங்கு சென்றபோது, தளர்ந்துபோன ஓர் உருவம் அவன்முன் வந்து நின்றது. கிழவன் என்று நினைத்தான். கிழவன் அல்ல, துரைசாமி! முப்பது வயதை ஒட்டிய ஆள், முதுமை அடைந்து நின்றான். ஊரிலே எஞ்சிய உறவினருக்கு ஒரு கடிதம் கொண்டு போக வேண்டினான். அந்தக் கடிதத்தை வாங்க வெல்ஷ் இசையவில்லை. ஊரை எடுத்தார்கள், உறவை எடுத்தார்கள். ஒரு கடிதத்தைக்கூட அனுமதிக்கவில்லை!

தாப்பாத்தித் தகரப் பெட்டியிலே கண்ட காகிதம் இப்போது நினைவுக்கு வருகிறதா, தோழர்களே?

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். காட்டிக் கொடுப்பவனை எட்டப்பன் என்று ஏசுவது நாட்டு வழக்கம் ஆகிவிட்டது. அந்த ஏச்சு எட்டயபுரத்து மக்கள்மீது விழலாகாது. பங்கு பெற்றது அரண்மனை. பருத்தி எடுத்த பெண்ணுக்கு ஒரு குழி நிலமும் கிடைக்கவில்லை. அந்த ஊர்தான் உமறுப் புலவருக்கு இடம் தந்தது. அந்த ஊர்தான் 1882இல் பாரதியைப் பெற்றது. அவரும் வெள்ளையன் சிறைக்குத் தப்பி, 1908 முதல் பத்தாண்டுக் காலம் புதுச்சேரியிலே ஏதிலியாய் வாழ்ந்தவர்தாம். ஆகவே ஊரைப் பழிப்பது எளிது, உண்மை அன்று. ஆளவந்தவனின் பேராசையும் அண்டை வீட்டானின் சிற்றாசையும் கைகோத்தால் ஓர் ஊர் அழியும் என்பதே உண்மை.

அந்த உண்மை பாஞ்சாலங்குறிச்சியோடு நின்றுவிடவில்லை. கும்பினி ஓர் ஊரின் பெயரைப் பதிவிலிருந்து நீக்கியது. இலங்கை அரசு 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் மலையகத் தமிழர் இலட்சக்கணக்கானோரின் குடியுரிமையையே நீக்கியது. அதே 1948இல் பாலஸ்தீனத்து மக்கள் வீட்டைப் பூட்டிச் சாவியோடு வெளியேறினார்கள். சாவி பேரப்பிள்ளைகள் கையில் இருக்கிறது, வீடு இல்லை. 1983 ஜூலையிலே கொழும்பு எரிந்தது. 2009இல் முள்ளிவாய்க்கால் மண் சிவந்தது. மறைக்காமல் இதையும் சொல்வோம்: 1990 அக்டோபரிலே, வடபுலத்துத் தமிழ் பேசும் முஸ்லிம்களைத் துப்பாக்கி முனையில் வெளியேற்றியது தமிழர் கையிலிருந்த துப்பாக்கிதான். வீட்டை இழப்பவன் கண்ணீருக்கு மொழியும் இல்லை, மதமும் இல்லை. அடுத்தவன் கண்ணீரைக் காணாதவன், தன் கண்ணீருக்கு நியாயம் கேட்க முடியாது.

இங்கே வந்து சேர்ந்தவர்களுக்கு என்ன செய்தோம்? 2021ஆம் ஆண்டுக் கணக்குப்படி, தமிழ்நாட்டின் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் ஏறத்தாழ 58 ஆயிரம் பேர். அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றி, புதிய வீடுகள் கட்டித்தரத் தமிழ்நாடு அரசு அந்த ஆண்டிலே முடிவு செய்தது. நல்லது, பெயரை அழித்தவர்களின் வரலாற்றிலே, மதிப்பான பெயரைத் தந்தது சிறு செயல் அன்று. ஆனால் 2019இல் இந்திய அரசு கொண்டுவந்த குடியுரிமைத் திருத்தச் சட்டமோ, மூன்று நாடுகளை எண்ணியது. ஈழத்திலிருந்து வந்தவர்களை எண்ணவில்லை! இந்த மண்ணிலேயே பிறந்து, இந்த மண்ணின் பள்ளியிலே படித்து, இந்த மண்ணிலேயே பிள்ளை பெற்றவர்களும் வெளியார் என்றால், அவர்களுக்கு உள்ளூர் எது?

நாம் கேட்பது அதிகமா? திரும்பிப் போக விரும்புவோர்க்கு அச்சமின்றித் திரும்ப வழி வேண்டும். காணி அவர்கள் கைக்கு வர வேண்டும். இங்கேயே வாழ விரும்புவோர்க்குக் குடியுரிமை வேண்டும். எது வேண்டும் என்று முடிவு செய்வது அந்த மூதாட்டியின் உரிமை. தில்லியின் உரிமையும் அன்று, கொழும்பின் உரிமையும் அன்று. தொண்டைமான் கதவா, மருதுவின் கதவா, எந்தக் கதவாக இருக்கப் போகிறோம் என்பதே நம்முன் உள்ள கேள்வி.

ஆமணக்கு விதைத்தவர்கள், அந்த ஊரை நாடு மறந்துவிடும் என்று நினைத்தார்கள். 1974இல் கலைஞர் ஆட்சியிலே அதே பாஞ்சாலங்குறிச்சியில் நினைவுக்கோட்டை எழுந்தது. நினைவுக்கோட்டை எழுப்ப நமக்கு ஏறக்குறைய 175 ஆண்டுகள் பிடித்தன. தாப்பாத்தித் தாய்க்கு அவ்வளவு காலம் இல்லை. காகிதம் மடிப்பிலே கிழிந்துகொண்டிருக்கிறது, தோழர்களே. அது முழுதும் கிழியுமுன் அவர் கைக்கு ஒரு விடை சேர வேண்டும்.